நடந்ததா, நடந்துகொண்டிருந்ததா? ஆங்கில இறந்தகாலம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் வார நாள்களில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குத் துணைப்பாடம் எடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், விடுதிகளில் தங்கி வேலை பார்க்கும் தம்பிகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். பத்து வயதுப் பிள்ளையும் முப்பது வயதுத் தம்பியும் தடுமாறுகிற இடம் பெரும்பாலும் ஒன்றுதான். சிம்பிள் பாஸ்ட் எங்கே, பாஸ்ட் கன்டினியூவஸ் எங்கே? அவர்களும் பிள்ளைகளின் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் சீக்கிரம் மனதில் நிற்கும்.

இரண்டுக்கும் என்னதான் வித்தியாசம்? சுருக்கமாகச் சொல்லுங்களேன்.

சிம்பிள் பாஸ்ட் முடிந்துபோன செயலைச் சொல்கிறது. நாம் திரும்பிப் பார்க்கும் அந்தக் கணத்தில் இன்னும் முடியாமல் இருந்த செயலைப் பாஸ்ட் கன்டினியூவஸ் சொல்கிறது.

அடுப்பில் பால் வைத்திருக்கிறீர்கள். "த மில்க் வாஸ் பாய்லிங் ஓவர்" என்றால் பால் விளிம்பைத் தாண்டி வழிந்துகொண்டிருக்கிறது. ஓடிப்போய் அணைத்தால் பாதியாவது மிஞ்சும். "த மில்க் பாய்ல்ட் ஓவர்" என்றால் பொங்கி வழிந்தாயிற்று, அடுப்பைத் துடைக்க வேண்டியதுதான். பொங்கிக்கொண்டிருந்தது, பொங்கிவிட்டது. இந்த வேறுபாட்டை நாம் சின்ன வயதிலிருந்தே தமிழில் பிழையில்லாமல் பேசி வருகிறோம். அதனால் ஒன்றுமே தெரியாது என்று நினைத்து ஆரம்பிக்காதீர்கள்.

வடிவம் எளிது. சிம்பிள் பாஸ்டுக்கு வினைச்சொல்லின் இறந்தகால வடிவம் மட்டும் போதும்: குக்ட், வென்ட், சா. கன்டினியூவஸுக்கு "வாஸ்" அல்லது "வேர்" போட்டு, வினையோடு "இங்" சேர்க்க வேண்டும். ஐ, ஹீ, ஷி, இட் வந்தால் வாஸ். யூ, வீ, தே வந்தால் வேர். எதிரே நிற்பவர் ஒரே ஆளாக இருந்தாலும் "யூ வேர்"தான். ஒருவரை மரியாதையாக "நீங்கள்" என்று சொன்னால் வினையும் "வந்தீர்கள்" என்று பன்மைக்குப் போகிறதல்லவா, அதுபோல.

நீண்ட நேரம் நடந்தால் கன்டினியூவஸ், சட்டென்று முடிந்தால் சிம்பிள் என்று படித்திருக்கிறேன். சரிதானே?

சரியில்லை. இந்தச் சூத்திரம் செய்த சேதம் கொஞ்சநஞ்சமல்ல.

"ஐ லிவ்ட் இன் ஈசூன் ஃபார் ட்வென்டி இயர்ஸ்." இருபது வருஷம், ஆனாலும் சிம்பிள் பாஸ்ட். "ஐ வாஸ் க்ளோசிங் த டோர் வென் த ஃபோன் ரேங்." கதவைச் சாத்த இரண்டு விநாடி ஆகுமா? ஆனாலும் கன்டினியூவஸ். எவ்வளவு நேரம் என்பது இங்கே கணக்கே இல்லை. இருபது வருஷக் கதையை முழுதாக வெளியே நின்று பார்த்தால் சிம்பிள். இரண்டு விநாடிச் செயலானாலும் அதற்கு உள்ளே நின்று பார்த்தால் கன்டினியூவஸ். "ஐந்து வருஷம்", "மூன்று தடவை" என்று மொத்தக் கணக்கைச் சொல்லிவிட்டீர்கள் என்றால் வெளியே நிற்கிறீர்கள் என்று அர்த்தம். கண்ணை மூடிக்கொண்டு சிம்பிள் பாஸ்ட் போடலாம்.

தமிழில் "கொண்டிருந்தேன்" என்று வந்தால் ஆங்கிலத்தில் "வாஸ் இங்" போட்டுவிடலாமா?

பாதி நேரம் சரியாக வரும். மறுபாதி நேரத்தில் அதுதான் காலை வாரிவிடும். எனக்குத் தெரிந்து நம்மவர்கள் செய்யும் பிழைகளில் பெரும்பகுதி இந்த ஒரு சொல்லிலிருந்துதான் முளைக்கிறது. அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நம் "கொண்டிருந்தேன்" பெரிய உழைப்பாளி. அது மூன்று விதமான வேலைகளைப் பார்க்கிறது.

முதல் வேலை, அந்தக் கணத்தில் நடந்தது. "நீ கூப்பிட்டபோது துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்." இது ஆங்கிலத்துக்கு அப்படியே போகும்: "ஐ வாஸ் ஹேங்கிங் அவுட் த லாண்ட்ரி வென் யூ கால்ட்."

இரண்டாவது வேலை, அந்தக் காலத்து வழக்கம். "அப்போதெல்லாம் வாராவாரம் தேக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தேன்." இதை "ஐ வாஸ் கோயிங் டு தேக்கா எவ்ரி வீக்" என்று சொல்லத்தான் நம் நாக்கு துடிக்கும். பழக்கத்தைச் சொல்ல ஆங்கிலம் இந்த வடிவத்தை இயல்பாகத் தேடுவதில்லை. "ஐ வென்ட் டு தேக்கா எவ்ரி வீக்" அல்லது "ஐ யூஸ்ட் டு கோ டு தேக்கா எவ்ரி வீக்" என்று சொல்லுங்கள். எவ்ரி டே, எவ்ரி வீக், ஆஃபன் மாதிரியான சொல் வந்தாலே கையை "இங்"கிலிருந்து எடுத்துவிடுவது நல்லது.

இதற்கு ஒரு விலக்கு இருக்கிறது. "எப்பப் பார்த்தாலும் குறை சொல்லிக்கொண்டே இருந்தான்" என்று சலித்துக்கொள்கிறோமே, அங்கே "ஹீ வாஸ் ஆல்வேஸ் கம்ப்ளெய்னிங்" பொருத்தமாக உட்காரும். "ஆல்வேஸ்" சேர்ந்து, கூடவே கொஞ்சம் எரிச்சலும் இருந்தால் வழக்கத்துக்கும் கன்டினியூவஸ் வரும்.

மூன்றாவது வேலை, மனதின் நிலை. "அவர் வருவார் என்று நம்பிக்கொண்டிருந்தேன்." தமிழில் அழகான வாக்கியம். ஆங்கிலத்தில் "ஐ வாஸ் பிலீவிங்" கிடையாது, "ஐ பிலீவ்ட் ஹீ வுட் கம்." தெரிவது, நம்புவது, வேண்டுவது, புரிவது, சொந்தமாக இருப்பது ஆகியவற்றைச் செயலாக ஆங்கிலம் பார்ப்பதில்லை, நிலையாகப் பார்க்கிறது. அதனால் நோ, பிலீவ், வான்ட், அண்டர்ஸ்டாண்ட், பிலாங் போன்றவற்றுக்கு "இங்" ஒட்டாது. "ஐ வாஸ் நோயிங் ஹிம்" என்று எங்கே பார்த்தாலும் அடித்துவிட்டு "ஐ நியூ ஹிம்" என்று எழுதுங்கள்.

"திங்க்" மட்டும் இரண்டு பக்கமும் நிற்கும். "ஐ தாட் ஹீ வாஸ் ரைட்" என்றால் அது என் கருத்து. "ஐ வாஸ் திங்கிங் அபௌட் மை மதர்" என்றால் உட்கார்ந்து அம்மாவைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன், அதாவது ஒரு செயல்.

கிளினிக்கில் "ஐ வாஸ் ஹேவிங் ஃபீவர்" என்று சொன்னேன். டாக்டருக்குப் புரிந்தது. அதில் என்ன தப்பு?

புரியும். எம்.சி.யும் (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) கிடைத்திருக்கும். ஆனாலும் "ஐ ஹாட் எ ஃபீவர்" என்று பழகிக்கொள்ளுங்கள்.

"ஹேவ்" என்பது "எனக்கு இருக்கிறது" என்ற பொருளில் வரும்போது அது ஒரு நிலை. காய்ச்சல், தலைவலி, கார், இரண்டு தங்கை, எதுவானாலும் "ஹாட்"தான். அதே "ஹேவ்" சாப்பிடுவது, குடிப்பது, பேசுவது என்ற பொருளில் வந்தால் செயலாகிவிடும். அப்போது "இங்" தாராளமாக வரலாம்: "வீ வேர் ஹேவிங் லஞ்ச்", "தே வேர் ஹேவிங் எ மீட்டிங்". காய்ச்சலை நீங்கள் செய்யவில்லை, மதியச் சாப்பாட்டைச் செய்கிறீர்கள். அப்படி நினைவு வைத்துக்கொண்டால் போதும்.

கண்ணும் காதும் இதே கதைதான். "சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது" என்பதற்கு "ஐ வாஸ் ஹியரிங்" சொல்லாமல் "ஐ குட் ஹியர் த நாய்ஸ்" என்று சொல்லுங்கள். "டிவி பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றால் "ஐ வாஸ் வாட்சிங் டிவி." நீங்களே கவனம் வைத்துப் பார்ப்பது வாட்ச், தானாகக் கண்ணில் படுவது சீ. கண்ணில் பட்டதற்கு "ஐ சா."

"சமைக்கும்போது போன் வந்தது" என்பதை "வென் ஐ ஆம் குக்கிங், த ஃபோன் ரேங்" என்று என் மகள் எழுதுகிறாள். எத்தனை தடவை திருத்தினாலும் போகமாட்டேன் என்கிறது. ஏன்?

பிள்ளையைத் திட்டாதீர்கள். அவள் தமிழில் மிகச் சரியாக யோசிக்கிறாள்.

"சமைக்கும்போது" என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். அதில் "சமைக்கும்" என்பது இறந்தகாலம் இல்லை. "நாளைக்குச் சமைக்கும்போது உப்பைக் குறைத்துப் போடு" என்றும் சொல்லலாம், "நேற்றுச் சமைக்கும்போது போன் வந்தது" என்றும் சொல்லலாம். தமிழில் காலம் வாக்கியத்தின் கடைசி வினையில் உட்கார்ந்துகொள்ளும். "வந்தது" என்று முடித்த உடனே மொத்த வாக்கியமும் நேற்றைக்குப் போய்விடும். முன்னால் உள்ள வினை காலத்தைச் சுமக்க வேண்டியதில்லை.

ஆங்கிலத்தில் அந்த வசதி கிடையாது. வாக்கியத்தில் எத்தனை வினை இருக்கிறதோ, ஒவ்வொன்றும் தன் காலத்தைத் தானே சுமந்தாக வேண்டும். "வென் ஐ வாஸ் குக்கிங், த ஃபோன் ரேங்." இரண்டும் நேற்றைக்குப் போயாக வேண்டும்.

இதற்கு நான் பிள்ளைகளிடம் சொல்லும் வழி, தமிழ் வாக்கியத்தை முதலில் நீட்டுவது. "சமைக்கும்போது" என்பதை "சமைத்துக்கொண்டிருந்தபோது" என்று மாற்றிச் சொல்லிப் பார். "நடக்கும்போது" என்பதை "நடந்துகொண்டிருந்தபோது" என்று சொல்லிப் பார். அந்த "இருந்த" வந்துவிட்டால் "வாஸ்" தானாகப் பின்னால் வந்துவிடும். இரண்டு வாரம் பொறுமையாகச் செய்தால் அதற்குப் பிறகு நீட்டிப் பார்க்கவே தேவைப்படாது.

வென் போடணுமா, வைல் போடணுமா?

நடந்துகொண்டிருந்த செயலுக்கு முன்னால் வைல், இடையில் வந்து விழுந்த செயலுக்கு முன்னால் வென். "வைல் ஐ வாஸ் வாக்கிங் அலாங் சிராங்கூன் ரோட், ஐ மெட் மை அங்கிள்." "ஐ வாஸ் வாக்கிங் அலாங் சிராங்கூன் ரோட் வென் ஐ மெட் மை அங்கிள்." இரண்டு செயல் பக்கத்துப் பக்கத்தில் ஓடினால் இரண்டுக்குமே கன்டினியூவஸ்: "வைல் ஐ வாஸ் சாப்பிங் ஆனியன்ஸ், மை ஹஸ்பண்ட் வாஸ் வாஷிங் த ரைஸ்." வென் கொஞ்சம் தாராளமானது, வைல் வரும் இடத்திலும் நிற்கும். வைல் அப்படி இல்லை. "வைல் த ஃபோன் ரேங்" என்று எழுதாதீர்கள்.

வேலையிடத்தில் சம்பவ அறிக்கை எழுதச் சொல்கிறார்கள், டீச்சர். அதில் காலம் தப்பினால் பெரிய விஷயமா?

பெரிய விஷயம்தான். இந்தப் பாடத்தை நான் விடாமல் நடத்துவதற்கு முதல் காரணமே இதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு தம்பி, தான் எழுதிய அறிக்கையை மடித்துக் கொண்டுவந்தார். கூட வேலை பார்ப்பவர் ஏணியிலிருந்து இறங்கும்போது கால் வழுக்கியிருக்கிறது. இவர் எட்டி, அவருடைய பாதுகாப்புப் பட்டையைப் பிடித்துவிட்டார். அவர் விழவில்லை, அடிபடவில்லை. ஆனால் அறிக்கையின் முதல் வரி: "ஹீ ஃபெல் ஃப்ரம் த லேடர்." படித்தவர்கள் எல்லாரும் எந்த ஆஸ்பத்திரி, எத்தனை நாள் எம்.சி. என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். "விழப்போனான்" என்பது அந்தத் தம்பியின் மனதில் இருந்தது. தாளில் "விழுந்தான்" என்று இறங்கிவிட்டது.

நாங்கள் உட்கார்ந்து திருத்தினோம். "ஹீ வாஸ் க்ளைம்பிங் டவுன் த லேடர் வென் ஹிஸ் ஃபுட் ஸ்லிப்ட். ஐ காட் ஹிஸ் ஹார்னஸ். ஹீ டிட் நாட் ஃபால்." இறங்கிக்கொண்டிருந்தான், வழுக்கியது, பிடித்தேன், விழவில்லை. முதல் வினை மட்டும் கன்டினியூவஸ், மற்ற மூன்றும் சிம்பிள். என்ன நடந்தது என்று இனி யாரும் கேட்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். "வென் த பைப் ஃபெல், ஐ வாஸ் வேரிங் மை ஹெல்மெட்." குழாய் விழுந்த நேரத்தில் தலைக்கவசம் தலையில் இருந்தது. "வென் த பைப் ஃபெல், ஐ புட் ஆன் மை ஹெல்மெட்." குழாய் விழுந்த பிறகுதான் எடுத்து மாட்டினேன்! வென் என்ற சொல்லுக்கு இரண்டு பக்கமும் சிம்பிள் பாஸ்ட் வந்தால், முதலில் இது, அடுத்து அது என்று வரிசைப்படுத்திப் படிப்பார்கள். விதியை ஒழுங்காகப் பின்பற்றிய ஒருவர், ஒரு வினை வடிவத்தால் மீறியவராகத் தெரியக்கூடும்.

கடலில் ஒருவர் தத்தளித்ததைப் பற்றிச் சொல்லும்போது "ஹீ வாஸ் ட்ரௌனிங்" என்றால் மூழ்கிக்கொண்டிருந்தார், இன்னும் உயிர் இருக்கிறது, காப்பாற்றியிருக்கலாம். "ஹீ ட்ரௌன்ட்" என்றால் மூழ்கி இறந்துவிட்டார். அவசர உதவிக்கு 995-ஐ அழைத்துப் பேசும்போதும் இதே கணக்குதான். "ஹீ இஸ் ட்ரௌனிங்" என்று "இங்" போட்டுச் சொன்னால்தான் அங்கே இன்னும் ஒருவர் உயிரோடு போராடுகிறார் என்று கேட்பவருக்குத் தெரியும்.

அறிக்கை எழுத நான் சொல்லும் முறை இது. முதலில் விபத்து நேர்ந்த அந்த விநாடியை மனதில் நிறுத்துங்கள். அந்த விநாடியில் யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? அது எல்லாம் "வாஸ், வேர்". அந்த விநாடியிலும் அதற்குப் பிறகும் ஒவ்வொன்றாக நடந்தவை எல்லாம் சிம்பிள். கலந்து எழுத வேண்டாம். சூழ்நிலையை முதலில் எழுதி முடித்துவிட்டு நடந்ததை வரிசையாக எழுதுங்கள்.

"டிட் நாட் வென்ட்" ஏன் தப்பு?

"டிட்" ஏற்கெனவே இறந்தகாலத்தை எடுத்துக்கொண்டது. "டிட்"டும் அதோடு வரும் வினையும் சேர்ந்து ஒரே வினைதான், அந்த இருவரில் ஒருவர் சுமந்தால் போதும். "ஐ டிட் நாட் கோ." "டிட் யூ ஸீ ஹிம்?" கன்டினியூவஸுக்கு "டிட்" பக்கமே போகாதீர்கள்: "ஐ வாஸ் நாட் ஸ்லீப்பிங்." "வேர் யூ ஸ்லீப்பிங்?"

கோ எப்படி வென்ட் ஆகிறது? இந்த ஒழுங்கில்லாத வினைகளை எல்லாம் மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டுமா?

ஆமாம், வேறு வழியில்லை. ஆனால் ஆங்கிலத்தை மட்டும் குறை சொல்லவும் முடியாது. படித்தேன், கண்டேன், வென்றேன், ஓடினேன். த், ட், ற், இன் என்று நமக்கே இறந்தகாலத்துக்கு எத்தனை இடைநிலைகள்! தமிழ் படிக்கும் சீனப் பிள்ளை ஒன்று "ஏன் ஓடித்தேன் இல்லை?" என்று கேட்டால் நாமும் விழிக்கத்தான் வேண்டும்.

"வென்ட்" கதை சுவாரசியமானது. "வெண்ட்" என்று இன்னொரு பழைய வினை இருந்தது. வழியே போவது என்று பொருள். அதன் இறந்தகாலம்தான் வென்ட். "கோ"வுக்கு இருந்த பழைய இறந்தகாலச் சொல் வழக்கொழிந்துபோக, இது வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. ஒட்டுறவே இல்லாத இரண்டு சொற்கள் ஒரே குடும்பமாகிவிட்டன.

மனப்பாடம் செய்யும்போது அகராதி வரிசையில் போகாமல் ஓசை வரிசையில் போங்கள். பாட், ப்ராட், தாட், காட், டாட் ஒரு கூட்டம். ரேன், சேங், ஸ்வாம் இன்னொரு கூட்டம். மாறவே மாறாதவை தனி: கட், புட், ஹிட், ஷட். "ரீட்" எழுத்தில் மாறாது, வாயில் மட்டும் "ரெட்" ஆகும். நாள்தோறும் புழங்கும் நாற்பது, ஐம்பது வினைகள் கைவசம் இருந்தால் கோப்பிக்கடையிலும் வேலையிடத்திலும் சமாளித்துவிடலாம்.

ஒழுங்கான வினைகளிலும் உச்சரிப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது. எல்லாவற்றையும் "எட்" என்று முடிக்கக் கூடாது. "வாக்கெட்" இல்லை, "வாக்ட்". "குக்கெட்" இல்லை, "குக்ட்". சொல்லின் முடிவில் ஏற்கெனவே ட் ஓசை இருந்தால் மட்டும் ஓர் அசை கூடும்: "வான்டெட்", "நீடெட்".

"இங்" சேர்க்கும்போது எழுத்தையும் கவனியுங்கள். ரன்னிங், ஹிட்டிங் இரண்டுக்கும் கடைசி மெய்யெழுத்து இரட்டிக்கும். ரைட்டிங் என்பதற்கு இரட்டிக்காது. பிள்ளைகள் அங்கே இரண்டு "டி" போட்டு மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

இங்கே எல்லாரும் "ஐ ஈட் ஆல்ரெடி" என்றுதானே பேசுகிறார்கள்? நாம் மட்டும் ஏன் கஷ்டப்பட வேண்டும்?

பேசட்டும், நீங்களும் பேசுங்கள். அந்தப் பேச்சுக்கு ஒரு காரணம் இருக்கிறது. மாண்டரினிலும் மலாயிலும் வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப உருமாறாது. முடிந்தது என்று காட்டத் தனிச் சொல் சேர்ப்பார்கள். அந்தப் பழக்கம் சிங்கப்பூர் ஆங்கிலத்தில் "ஆல்ரெடி"யாக வந்து ஒட்டிக்கொண்டது. நம் நாக்குக்கும் அது பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை. "சாப்பிட்டாச்சு" என்று நாம் சொல்கிறோமே, அந்த "ஆச்சு" பார்க்கும் வேலையைத்தான் "ஆல்ரெடி" பார்க்கிறது.

2000-ஆம் ஆண்டில் இங்கே ஸ்பீக் குட் இங்கிலீஷ் மூவ்மென்ட் தொடங்கியதிலிருந்து, சிங்கிலிஷ் என்ற இந்தச் சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலம் நல்லதா கெட்டதா என்ற பேச்சு ஓய்ந்தபாடில்லை. என் கருத்தைக் கேட்டால், பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் "ஈட் ஆல்ரெடி" என்பது உறவு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தேர்வுத்தாளும் சம்பவ அறிக்கையும் நேர்முகத்தேர்வும் வேறு இடம். அங்கே "ஐ ஹேவ் ஈட்டன்" வேண்டும். மணி சொன்னால் "ஐ ஏட் அட் ஒன்." நேரத்தைச் சொல்லிவிட்டு "ஹேவ்" போடக் கூடாது. "ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே" நம்மவர்களிடம் ரொம்பவே கேட்கும் பிழை; "ஐ சா ஹிம் யெஸ்டர்டே" போதும்.

"லாஸ்ட் டைம்" என்பதையும் கவனியுங்கள். "லாஸ்ட் டைம் ஐ ஸ்டே இன் மார்சிலிங்" என்றால் இந்த ஊர்க்காரருக்கு "முன்பெல்லாம்" என்று புரியும். வெளியூர்க்காரர் "கடைசித் தடவை" என்று எடுத்துக்கொள்வார். "ஐ யூஸ்ட் டு லிவ் இன் மார்சிலிங்" என்றால் இரண்டு பேருக்கும் புரியும்.

பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) கட்டுரைக்கு எந்தக் காலம் நல்லது?

மூன்று படம் கொடுத்து, குறைந்தது 150 சொல்லில் எழுதச் சொல்கிறார்கள். பெரும்பாலான பிள்ளைகள் கதையாகத்தான் எழுதுகிறார்கள். கதைக்கு முதுகெலும்பு சிம்பிள் பாஸ்ட். கன்டினியூவஸைத் தொடக்கத்தில் காட்சி விரிக்கவும், நடுவில் எங்காவது ஒரு முறையும் வைத்துக்கொண்டால் போதும்.

"இட் வாஸ் ரெய்னிங் ஹெவிலி. மை கிராண்ட்மதர் வாஸ் வெய்ட்டிங் அட் த வாய்ட் டெக். எ கேட் வாஸ் ஸ்லீப்பிங் அண்டர் த ஸ்டோன் டேபிள்." இதுவரை எதுவும் நடக்கவில்லை. மழை, பாட்டி, பூனை. படம் அசையாமல் நிற்கிறது. "சடன்லி த கேட் ஜம்ப்ட் அப். மை கிராண்ட்மதர் ட்ராப்ட் ஹர் அம்ப்ரெல்லா. ஐ ரேன் டு ஹர்." இப்போது ஓட ஆரம்பித்துவிட்டது.

கன்டினியூவஸ் போட்டால் மொழி வளமாகத் தெரியும் என்று யாரோ பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். "ஐ வாஸ் வாக்கிங், ஐ வாஸ் சீயிங் எ மேன், ஹீ வாஸ் ஸ்டீலிங்" என்று அடுக்கினால் எதுவுமே முடியாது, கதை நின்ற இடத்திலேயே நிற்கும். எழுதி முடித்ததும் பென்சிலால் ஒவ்வொரு வினையையும் வட்டமிடச் சொல்லுங்கள். நிகழ்காலத்துக்கு வழுக்கிய வினை உடனே கண்ணில் படும். மேற்கோள் குறிக்குள் ஒருவர் பேசுவது மட்டும் நிகழ்காலத்தில் இருக்கலாம்.

"ஐ வாஸ் ஒன்டரிங்" என்று மேலாளர் மின்னஞ்சல் எழுதுகிறார். இப்போது கேட்கிற கேள்விக்கு எதற்கு இறந்தகாலம்?

பணிவுக்கு. "ஐ வாஸ் ஒன்டரிங் இஃப் ஐ குட் டேக் லீவ் ஆன் ஃப்ரைடே." நாமும் இதைத்தான் செய்கிறோம்: "உங்களிடம் ஒன்று கேட்கலாம் என்று வந்தேன்." கேட்பதை நேற்றைக்குத் தள்ளிவிட்டால் எதிரில் இருப்பவருக்கு மறுக்க இடம் கிடைக்கிறது. பக்கத்திலேயே இன்னொன்றையும் கற்றுக்கொள்ளுங்கள். "உன்னைக் கூப்பிடலாம்னு இருந்தேன்" என்பதற்கு "ஐ வாஸ் கோயிங் டு கால் யூ."

பேசிப் பழக ஆள் இல்லை. தனியாக எப்படிப் பழகுவது?

ஒரு கேள்வி போதும். நேற்று இரவு எட்டு மணிக்கு என்ன செய்துகொண்டிருந்தேன்? எம்.ஆர்.டி. ரயிலில் நிற்கும்போது, வரிசையில் காத்திருக்கும்போது மனதுக்குள் மூன்று வாக்கியம் சொல்லிப் பாருங்கள். இரண்டு "வாஸ் இங்", ஒரு சிம்பிள். "அட் எய்ட் வீ வேர் ஈட்டிங்" என்றால் எட்டு மணிக்குச் சாப்பாடு நடுவில் இருக்கிறது. "வீ ஏட் அட் எய்ட்" என்றால் எட்டு மணிக்குத்தான் உட்கார்ந்தீர்கள். இந்த ஜோடியை மாற்றி மாற்றிச் சொன்னால் காது பழகிவிடும்.

இந்தப் பயிற்சியைப் போன மாதம் வகுப்பில் கொடுத்தேன். ஒரு தம்பி எழுதியது: "அட் எய்ட் லாஸ்ட் நைட் ஐ வாஸ் டாக்கிங் டு மை டாட்டர். ஷி ஷோட் மீ ஹர் ட்ராயிங். தென் த கால் ட்ராப்ட்." நடு வாக்கியத்தைக் காட்டி, மகள் வரைந்த படத்தை முழுசாகப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "இல்லை டீச்சர், பாதி காட்டும்போதே லைன் போயிடுச்சு" என்றார். பேனாவை எடுத்து, நான் சொல்வதற்குள் அவரே மாற்றி எழுதினார்: "ஷி வாஸ் ஷோயிங் மீ ஹர் ட்ராயிங் வென் த கால் ட்ராப்ட்."